அவரைக் கொழுந்தும் வேப்பங்கொட்டையும்

பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் தெற்காசியர் நெருங்கி வாழும் பகுதி குதைபியா. அக்டோபரில் வெயில் தணிந்தால் வளைகுடாவில் விதைப்புக் காலம். தொட்டியில் அவரையோ தட்டைப்பயறோ போட்டவருக்கு முதலில் வாய்க்கும் விருந்தாளி அசுவினி. கொழுந்தில் கருகருவென அப்பிச் சாறு உறிஞ்சும்; அது கழிக்கும் இனிப்பு நீரைத் தேடி எறும்பும் வந்து சேரும்.

ஊரில் இதற்குக் கைமருந்து வேப்பங்கொட்டைக் கரைசல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பயறு வகைகளின் காய்ப்புழுவுக்கு 5 சதவீதக் கரைசலைப் பரிந்துரைக்கிறது. ஐந்து கிலோ வேப்பம் பருப்பை இடித்து, துணியில் கட்டி, பத்து லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வைப்பார்கள். காலையில் பிழிந்தால் பால் போல வெள்ளையாக இறங்கும். அதை நூறு லிட்டராக்கி, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்தால் மருந்து தயார்.

பூச்சியைத் தடுக்கும் வேம்பின் இந்தக் குணம் ஆய்வாளர் கண்ணில் பட்டதற்குக் காரணம் வெட்டுக்கிளி. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் மற்றப் பச்சையை எல்லாம் மொட்டையடித்தபோது வேம்பு மட்டும் தப்பியதை ஜெர்மன் பூச்சியியலாளர் ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் கவனித்தார். 1962இல் டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். பிரதானும் சகாக்களும் வேப்பம் பருப்புக் கரைசலைப் பயிர்மேல் தெளித்துப் பார்த்தனர்; வெட்டுக்கிளி வந்து உட்கார்ந்தும் இலையைத் தின்னவில்லை. 1968இல் இங்கிலாந்தில் அதன் முக்கியப் பொருள் தனியே பிரிக்கப்பட்டது. பெயர் அசாடிராக்டின்.

இது அடித்தவுடன் கொல்லும் விஷமல்ல. புழு வளர வளரத் தோலுரிக்க வேண்டும்; அதற்கான ஹார்மோனை அசாடிராக்டின் குழப்பிவிடுகிறது. இலை கசப்பதால் புழு தின்பதையும் குறைக்கிறது. ஆகவே மறுநாள் காலை செத்த புழுவைத் தேடுபவர் ஏமாந்துபோவார். காய்க்குள் புகுந்துவிட்ட பெரிய புழுவிடம் கரைசல் எட்டாது. உளுந்தும் துவரையும் பூக்கும்போதே, முட்டையும் குஞ்சுப் புழுவுமாக இருக்கையில் தெளித்தால்தான் பலன்.

வெயில் பட்டால் அசாடிராக்டின் சில நாளில் சிதைந்துவிடும். அதனால் தெளிப்பது சாயங்காலத்தில், ஒரு வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை. கொட்டை கிடைக்காத ஊரில் வேப்பெண்ணெய் கைகொடுக்கும்: லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, சில சொட்டு சோப்புக் கரைசல். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மேலேயே மிதக்கும். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். முதலில் ஓரிரு இலையில் தெளித்துப் பார்ப்பது நல்லது.

அறுவடையோடு வேலை தீர்வதில்லை. விதைக்கென்று எடுத்து வைத்த தட்டைப்பயற்றில் பயறு வண்டு முட்டையிட்டால், குடைந்து ஓட்டையாக்கிவிடும். விதையில் வேப்பெண்ணெயை மெல்லிய பூச்சாகப் புரட்டி, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் முட்டை பொரிப்பது குறையும். சமையலுக்கான பயறு வேறு டப்பாவில் இருக்கட்டும். அடுத்த அக்டோபர் வரை விதை வளைகுடாவின் முழுக் கோடையையும் கடந்தாக வேண்டும்.