வலையொளி நடிப்பிலிருந்து திரை நடிப்புக்கு: நக்கலைட்ஸ் குழுவை முன்வைத்து

இணையக் காணொளிகளால் பெயர்பெற்ற ஒருவர் திரைநடிகராக முயலும்போது, அவரைப் பின்தொடர்வோரின் எண்ணிக்கையே அவரது தகுதியாகப் பேசப்படுகிறது. தமிழ்ச் சூழலில் அவ்வெண்ணிக்கை வாய்ப்பைப் பெற்றுத்தரலாம். எத்தகைய பாத்திரம் வாய்க்கும் என்பதை அது தீர்மானிப்பதில்லை. 'மீசைய முறுக்கு' (2017) திரைப்படத்தில் விக்னேஷ்காந்த், எருமசாணி விஜய் ஆகியோர் நாயகனின் நண்பர்களாகவே தோன்றினர். வலையொளியில் அவர்கள் எவ்வாறு அறியப்பட்டிருந்தனரோ, அவ்வாறே திரையிலும் வந்தனர் எனலாம். புதிய ஒருவராக மாறிக்காட்ட வேண்டிய தேவை அவர்களுக்கு எழவில்லை.

இதற்குக் காரணம் வலையொளி நடிப்பின் இயல்பிலேயே உள்ளது. அங்கு ஒரே நடிகர் தொடர்ந்து ஒரே சாயலுள்ள பாத்திரங்களை ஏற்கிறார். பார்வையாளர் பாத்திரத்தைக் காண்பதற்கு முன்பே நடிகரை அடையாளங்கண்டு சிரிக்கத் தயாராகிவிடுகிறார். திரைப்படமோ, அந்த முன்னறிமுகத்தை மறக்கச் செய்யுமாறு நடிகரிடம் கேட்கிறது. புதுமுகத்துக்கு இல்லாத சுமை இது.

கோயம்புத்தூரைச் சார்ந்த நக்கலைட்ஸ் குழுவின் பிரசன்னா பாலச்சந்திரன் இச்சுமையை எதிர்கொண்ட விதம் தனித்துக் கருதத்தக்கது. அக்குழுவின் அரசியல் நையாண்டிகளும் குடும்பக் காணொளிகளும் கொங்கு வழக்கை அடித்தளமாகக் கொண்டவை. 'அம்முச்சி' என்னும் தொடரின் பெயரே, தாய்வழிப் பாட்டியைக் குறிக்கும் அவ்வட்டாரச் சொல்தான். திரைப்படத்தில் கொங்குத் தமிழ் நெடுங்காலமாக எள்ளலுக்கோ நகைச்சுவைக்கோ உரியதாகவே பெரிதும் கையாளப்பட்டு வந்தது. பெருமாள்முருகனின் 'வறுகறி' சிறுகதையைத் தழுவித் தமிழ் இயக்கிய 'சேத்துமான்' (2022) இவ்வழக்கத்தை மாற்றியது. அதில் பன்றிக்கறி மீது வேட்கை கொண்ட நிலவுடைமையாளர் வெள்ளையனாகப் பிரசன்னா நடித்தார். கூடை முடையும் முதியவர் பூச்சியப்பனை அவர் ஏவும்போது ஒலிப்பது, காணொளிகளில் சிரிப்பூட்டிய அதே பேச்சுமுறைதான். ஆனால், இங்கு அது சாதி அதிகாரத்தின் குரலாகிறது. பழகிய குரல் என்பதாலேயே பார்வையாளர் முதலில் அதன் வன்மத்தை உணராது இயல்பாக ஏற்கிறார், பின்னரே துணுக்குறுகிறார். நடிகரின் வலையொளி அடையாளத்தை மறைக்காமல், அதையே பாத்திரத்தின் கருவியாக்கிய தேர்வு இது. இவ்வகையில் பார்த்தால், அவருடன் திரைக்கு வந்த முதன்மையான வளம் பின்தொடர்வோர் கூட்டம் அன்று, மொழியே.

எனினும், இப்பெயர்வுக்கு ஓர் எல்லையும் உண்டு. அதே குழுவின் ராஜேஷ்வர் காளிசாமி இயக்கிய 'குடும்பஸ்தன்' (2025) படத்தில் பிரசன்னா எழுத்திலும் பங்கேற்றார், நடிக்கவும் செய்தார். கொங்குக் குடும்பச் சூழல், கடன், மானம் ஆகியவை பற்றிய நகைச்சுவை காணொளிகளின் நேர்வாரிசாகவே அமைந்தது. நாயகன் வேடமோ, 'ஜெய் பீம்' (2021), 'குட் நைட்' (2023) வழியாக ஏற்கெனவே நிலைபெற்றிருந்த மணிகண்டனுக்குச் சென்றது. குழுவின் எழுத்தும் இயக்கமும் திரையரங்கை அடைந்தன. அதன் முகங்கள் துணைப்பாத்திரங்களில் நின்றன.

பிரதீப் ரங்கநாதன் இதற்கு விலக்காகத் தோன்றலாம். இணையத்தில் வெளியான தமது 'ஆப்(பா) லாக்' (2017) குறும்படத்தை விரித்து 'லவ் டுடே' (2022) படத்தில் அவரே நாயகனானார். ஆயினும், அதற்கு முன் 'கோமாளி' (2019) படத்தின் இயக்குநராக அவர் வெற்றி பெற்றிருந்தார். நாயகன் வேடத்தை அவருக்கு வழங்கியவர், கதையைத் தம் கையில் வைத்திருந்த அவரே.