ஏழு விநாடிச் சீட்டு

வாக்கு இயந்திரத்தின் நீலப் பொத்தானை அழுத்தியதும் சின்னத்துக்கு நேராகச் சிவப்பு விளக்கு எரிகிறது. பக்கத்தில் இருக்கும், சீட்டு அச்சிடும் விவிபாட் பெட்டியின் கண்ணாடிக்குள் வெளிச்சம் வந்து ஒரு சீட்டு தெரிகிறது. அதில் வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் மூன்றும் இருக்கும். ஏழு விநாடி கழித்துச் சீட்டு அறுபட்டு உள்ளே விழுகிறது. அதிகாரியின் மேசையிலிருந்து நீளமாக ஒரு 'பீப்' கேட்கிறது. விரல் மையோடு வெளியே வந்துவிடுகிறோம்.

ஏடிஎம்மில் ஐந்நூறு ரூபாய் எடுத்தால்கூட ரசீது வருகிறது. ஓட்டுப் போட்ட சீட்டை மட்டும் ஏன் கையில் தருவதில்லை? மக்களாட்சி பற்றிய பழைய கோட்பாடுகளுக்குத் தொழில்நுட்பம் வைத்த சோதனை முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

தோற்றவர் ஏற்க வேண்டும்

தேர்தலில் ஜெயித்தவருக்கு நிரூபணம் தேவையில்லை. தோற்றவர் முடிவை ஏற்று வீட்டுக்குப் போனால்தான் ஆட்சி அமைதியாகக் கைமாறும். தோற்கிற கட்சிகள் இருக்கும் அமைப்புதான் மக்களாட்சி என்று அரசியல் அறிஞர் ஆடம் பிஷெவோர்ஸ்கி வலியுறுத்தியதன் சாரம் இதுதான்.

காகித ஓட்டுக் காலத்தில் இதற்குத் தனி ஏற்பாடு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பெட்டியை மேசையில் கவிழ்ப்பார்கள், சீட்டுகளைப் பிரித்துக் கட்டுவார்கள், எல்லாக் கட்சி ஏஜென்டுகளும் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எண்ணத் தெரிந்த யாரும் சரிபார்க்கலாம். இயந்திரம் வந்தபோது அந்த எண்ணிக்கை சிப்புக்குள் போய்விட்டது.

பரவூரில் நடந்தது

இந்தியாவில் மின்னணு இயந்திரம் முதன்முதலில் ஓட்டு வாங்கியது 1982இல், கேரளத்தின் பரவூர் தொகுதியில், 50 வாக்குச்சாவடிகளில். இயந்திரம் கூடாது என்று முன்பு எதிர்த்த சிவன் பிள்ளை 123 ஓட்டில் ஜெயித்தார். தோற்ற ஏ.சி. ஜோஸ் நீதிமன்றம் போனார். சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த 50 சாவடிகளில் மட்டும் காகிதத்தில் மறுவாக்குப்பதிவு நடந்தது. இந்த முறை ஜெயித்தவர் ஜோஸ். நம்பிக்கையும் சந்தேகமும் யார் ஜெயிக்கிறார் என்பதைப் பொறுத்துக் கட்சி மாறும் என்பதை அன்றே பார்த்துவிட்டோம்.

1989இல் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க இயந்திரம் வந்தது. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றிய பொறியாளர் ரங்கராஜனைத் தமிழ் வாசகர்கள் சுஜாதா என்ற பெயரில் அறிவார்கள்.

இயந்திரத்துக்கு நியாயங்கள் உண்டு. செல்லாத ஓட்டுத் தகராறு ஒழிந்தது. சாவடியைக் கைப்பற்றிக் கத்தை கத்தையாகக் குத்த முடியாது. நிமிடத்துக்கு நாலு ஓட்டுக்கு மேல் அது வாங்காது. காகிதத்தின் அவஸ்தைக்கு 1996 மொடக்குறிச்சி சட்டமன்றத் தேர்தல் ஒன்று போதும். 1,033 வேட்பாளர்கள் நின்ற அந்தத் தேர்தலில் வாக்குச்சீட்டு புத்தகமாகவே ஆகிப்போனது. ஆனால் சிப்புக்குள் போன எண்ணிக்கையை யார் சரிபார்ப்பது?

ஜெர்மனியின் பதில்

2005 ஜெர்மானிய நாடாளுமன்றத் தேர்தலில் சுமார் 20 லட்சம் பேர் இயந்திரத்தில் ஓட்டளித்தார்கள். ஒரு இயற்பியலாளரும் அவருடைய தந்தையும் வழக்குப் போட்டார்கள். மோசடி நடந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் 2009 மார்ச் 3 அன்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், தேர்தலின் முக்கியக் கட்டங்களைத் தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும் என்றது. நடந்து முடிந்த தேர்தலை ரத்து செய்யாமல், அந்த இயந்திரங்களை மட்டும் விலக்கியது. அவர்கள் இன்றும் காகிதத்தில்தான் ஓட்டுப் போடுகிறார்கள்.

எஸ்டோனியாவின் பதில்

எஸ்டோனியா நேர் எதிர்த் திசையில் போனது. 2005 முதல் அங்கே இணையத்தில் ஓட்டளிக்கலாம். 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கு மேற்பட்ட ஓட்டு இணையத்தில் விழுந்தது. ஆனால் வீட்டுக் கணினிக்கு மறைப்புத் தட்டி ஏது? கணவனோ முதலாளியோ பக்கத்தில் நின்று மிரட்டினால் என்ன செய்வது? அதற்காக, ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம், கடைசி ஓட்டுதான் செல்லும் என்று வைத்தார்கள். சாவடிக்குப் போய்க் காகிதத்தில் போட்டால் இணைய ஓட்டு ரத்தாகிவிடும். ரகசியத்தைத் தட்டி காத்தது போக, இப்போது மனம் மாறும் உரிமை காக்கிறது. ஆனால் மொத்த எண்ணிக்கையைச் சரிபார்க்க மறையீட்டுக் கணிதம் தெரிந்தவர் வேண்டும்.

ரசீது ஏன் இல்லை?

வங்கிக் கணக்கில் தப்பு நடந்தால் பாஸ்புக் காட்டிக் கொடுத்துவிடும், ஏனென்றால் எடுத்தது யார் என்பது வங்கிக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஓட்டில் போட்டவர் பெயர் யாருக்கும் தெரியக் கூடாது. தெரியாததால் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. ரகசியமும் சரிபார்ப்பும் ஒன்றையொன்று இடிக்கின்றன. கையில் ரசீது கொடுத்தாலோ, ஓட்டுக்குப் பணம் கொடுத்தவர் மறுநாள் காலை அதைக் கேட்டு வாசலில் நிற்பார். ஆகவேதான் சீட்டு கண்ணில் மட்டும் பட்டுவிட்டுப் பெட்டிக்குள் விழுகிறது.

2013இல் சோதனையாக அறிமுகமாகி, அதே ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் படிப்படியாகப் பரவிய ஏற்பாடு இது. 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிக்கும் விவிபாட் போனது. சீட்டில் வேறு சின்னம் தெரிந்தால் எழுத்து மூலம் புகார் தரலாம். ஏஜென்டுகள் முன்னிலையில் சோதனை ஓட்டு போட்டுப் பார்ப்பார்கள். புகார் பொய் என்றானால் புகார் சொன்னவருக்குத் தண்டனை உண்டு. ஏழு விநாடி பார்த்ததை வைத்து எத்தனை பேர் அந்தத் துணிவு கொள்வார்கள்?

அந்தச் சீட்டுகளில் எத்தனையை எண்ணுவது என்பதுதான் அடுத்து வந்த வழக்கு. ஒரு சட்டமன்றத் தொகுதிக்குக் குலுக்கலில் ஐந்து சாவடி என்பது நடைமுறை. எல்லாவற்றையும் எண்ணச் சொன்ன மனுவை 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதற்குப் பதிலாக, இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றவர்கள் கேட்டால் 5 சதவீத இயந்திரங்களின் சிப்புகளைப் பொறியாளர்கள் பரிசோதிக்கலாம் என்றது. ஜெர்மானிய நீதிமன்றம் சாதாரண மனிதரின் கண்ணைக் கேட்டது. நம் ஏற்பாட்டில் பாதி கண், பாதி பொறியாளர்.

ஓட்டு எண்ணும் மண்டபத்தில் அந்தச் சீட்டுகளுக்கென்று ஒரு கூண்டு உண்டு. வங்கி காசாளர் உட்காரும் இடம்போல் கம்பிவலை அடித்தது. இயந்திரச் சுற்றுகள் முடிந்த பிறகுதான் அதில் வேலை தொடங்கும். அதற்குள் வெளியே வெடி வெடித்து, மாலையும் விழுந்திருக்கும். முன்னதாகவே எண்ணுங்கள் என்று 2019இல் எதிர்க்கட்சிகள் கேட்டபோது தேர்தல் ஆணையம் மறுத்துவிட்டது. அந்த நேரத்தில் கூண்டருகே நிற்கப் பெரும்பாலும் யாருக்கும் பொறுமை இருக்காது. ஆனால் அங்கே ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியவர், தோற்ற கட்சியின் ஏஜென்ட்தான்.