கலத் தானியங்கிகளில் புதுப்பிப்பு நேரம்

கலத் தானியங்கி என்பது கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட பரப்பில் இயங்கும் ஒரு கணித மாதிரி ஆகும். ஒவ்வொரு கட்டமும் ஒரு கலம். அண்டைக் கலங்களைப் பொறுத்து, ஒரு பொது விதியின்படி அது தன் நிலையை மாற்றிக்கொள்ளும். எல்லாக் கலங்களும் ஒரே நேரத்தில் மாறுவது ஒருங்குப் புதுப்பிப்பு. ஒன்றன்பின் ஒன்றாக மாறுவது தொடர்ப் புதுப்பிப்பு. விதி அதுவே என்றாலும், மாறும் நேரம் வேறானால் விளைவும் வேறாகக்கூடும்.

வரிசை விளைவை மாற்றும் மாதிரிகள்

ஜான் கான்வேயின் 'வாழ்க்கை விளையாட்டு' 1970இல் அறிமுகமானது. இதில் ஒரு கலத்துக்கு எட்டு அண்டைக் கலங்கள். உயிருள்ள கலம் பிழைக்க இரண்டு அல்லது மூன்று உயிருள்ள அண்டைகள் தேவை. சரியாக மூன்று இருந்தால் வெற்றுக் கலம் உயிர்பெறும். ஒரே வரிசையில் மூன்று உயிர்க்கலங்கள் இருந்தால், ஒருங்குப் புதுப்பிப்பில் அவை கிடையாகவும் செங்குத்தாகவும் முடிவின்றி மாறிக்கொண்டிருக்கும். அந்த மூன்றையும் இடமிருந்து வலமாக முதலில் புதுப்பித்தால், ஒரே அண்டை உள்ள முதற்கலம் இறக்கும். அதனால் நடுக்கலமும், பின்னர் கடைசிக் கலமும் இறக்கும். உருவமே எஞ்சாது. இதனால்தான் இவ்விளையாட்டுக்கு நிரல் எழுதுவோர் பழைய நிலையையும் புதிய நிலையையும் தனித்தனி அணிகளில் வைக்கின்றனர்.

1992இல் நோவாக், மே ஆகியோர் தங்கள் மாதிரியில் ஒத்துழைப்பு நிலைத்திருப்பதைக் காட்டினர். 1993இல் ஹூபர்மன், கிளான்ஸ் ஆகியோர் அதே விதியைத் தொடர்ப் புதுப்பிப்பில் இயக்கியபோது அந்த ஒத்துழைப்பு மறைந்தது.

வரிசை விளைவை மாற்றாத மாதிரி

1987இல் பாக், டாங், வீசன்ஃபெல்டு ஆகியோர் மணற்குவியல் மாதிரியை முன்வைத்தனர். ஒரு கலத்தில் நான்கு மணிகள் சேர்ந்தால் அது சரிந்து, நான்கு பக்க அண்டைகளுக்கும் ஒவ்வொரு மணியைத் தரும். எந்த வரிசையில் சரிந்தாலும் இறுதி நிலை ஒன்றே என்பதை மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் தீபக் தார் 1990இல் நிறுவினார். 2022இல் அவருக்குப் போல்ட்ஸ்மன் பதக்கம் வழங்கப்பட்டது.

அருகருகே நான்கு மணிகள் கொண்ட இரு கலங்கள் இருப்பதாகக் கொள்வோம். எது முதலில் சரிந்தாலும், இரண்டும் ஒன்றாகச் சரிந்தாலும், இறுதியில் இரண்டிலும் ஒவ்வொரு மணியே மிஞ்சும். இங்கு ஒரு கலத்தின் சரிவு அண்டைக்கு மணியைக் கூட்டுமே அன்றிக் குறைக்காது. வாழ்க்கை விளையாட்டில் ஒரு கலத்தின் இறப்பு அண்டையின் பிழைப்பையே பறிக்கிறது.

பயன்பாடு

நாமக்கல் வட்டாரக் கோழிப்பண்ணைகளைக் கலங்களாகக் கொண்டு நோய்ப் பரவலைக் கணிப்பதாக வைத்துக்கொள்வோம். பண்ணைகள் அனைத்தும் ஒரே நொடியில் நிலை மாறுவதில்லை. எனவே இரு முறைகளிலும் கணித்து ஒப்பிட வேண்டும். முடிவுகள் மாறுபட்டால், அந்த வேறுபாடு நோயின் தன்மையால் வந்ததன்று. கணிப்பில் வைத்த கடிகாரத்தால் வந்தது.