உப்பளத் தொழிலும் சிறுநீரகச் செயலிழப்பும்

டயாலிசிஸ் சிகிச்சையை இன்றைய அரபு வழக்கில் 'கஸீலுல் குலா' என்பர். சிறுநீரகங்களைக் கழுவுதல் என்பது இதன் நேர்ப்பொருள். பெயர் பொருத்தமாகத் தோன்றினும் நடப்பது வேறு. அச்சிகிச்சையில் கழுவப்படுவது இரத்தமே. கெட்ட சிறுநீரகம் கெட்டவாறே உடலினுள் இருக்க, அதன் வேலையில் ஒரு பகுதியை வெளியிலுள்ள இயந்திரம் செய்து தருகிறது. நான்கைந்து முறை கழுவிவிட்டால் குணமாகிவிடுமா என்று நோயாளியின் வீட்டார் கேட்பதை நம் ஊர்களில் அடிக்கடி கேட்கிறோம். பாம்புக்கடியாலோ கடும் வயிற்றுப்போக்காலோ திடீரென நின்றுபோன சிறுநீரகம் சில வாரங்களில் மீண்டும் இயங்கத் தொடங்குவதுண்டு. அங்கே அக்கேள்விக்கு ஆம் என்ற விடை கிடைக்கலாம். ஆண்டுக்கணக்கில் மெல்லத் தேய்ந்து செயலிழந்த சிறுநீரகத்தில் அதற்கு இடமில்லை. இக்கட்டுரை பேசுவது இந்த இரண்டாம் வகையைப் பற்றியே.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. அவை நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவு நீரை இரத்தத்திலிருந்து வடித்தெடுத்து, அதில் ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக விட்டு, எஞ்சியதைத் திரும்ப உடலுக்கே சேர்த்துவிடுகின்றன. வடிகட்டிகளில் பாதி அழிந்தாலும் மீதிப் பாதி கூடுதலாக உழைத்து ஈடுசெய்துவிடும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு கண்ணில் படும்படி உயரும் வேளையில் பாதி கை நழுவிப் போயிருக்கும். இந்நோயின் கொடுமை இந்த மௌனத்தில்தான் இருக்கிறது.

முஹம்மது பின் ஸகரிய்யா அர்-ராஸீ (மறைவு ஹிஜ்ரி 313) சிறுநீரகக் கற்களையும் மூத்திரப்பைக் கற்களையும் பற்றித் தனி நூலே எழுதினார். கல் வலிக்கும், ஆகவே முன்னோர் அதை நன்கு அறிந்திருந்தனர். வலியற்ற தேய்வுக்கு ஓர் அடையாளத்தைக் கண்டுபிடிக்க 1827 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டில் இலண்டன் மருத்துவர் ரிச்சர்டு பிரைட், நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் ஏந்தி மெழுகுவத்திச் சுடரில் சூடாக்கினால் வெண்மையாகத் திரிவதையும், அத்தகையோர் இறந்தபின் அவர்களின் சிறுநீரகம் சிதைந்திருப்பதையும் இணைத்து எழுதினார். சிறுநீரில் புரதம் என்னும் அந்த அடையாளமே இன்றளவும் பரிசோதனைகளின் முதற்படியாக உள்ளது. வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்; உப்பளத்தைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

சிகிச்சையின் வரலாற்றை விரைவாகக் கடந்துவிடலாம். போர்க்கால ஹாலந்தில் வில்லெம் கோல்ஃப் 1943-இல் செலோஃபேன் குழாயைக் கொண்டு முதல் செயற்கைச் சிறுநீரகத்தை இயக்கினார். 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஸ்கிரிப்னர் அமைத்த நிலையான குழாய் இணைப்பால், ஒரே நோயாளிக்கு மீண்டும் மீண்டும் டயாலிசிஸ் செய்ய வழி பிறந்தது. 1954-இல் பாஸ்டனில் இரட்டைச் சகோதரர்களிடையே நடந்த மாற்றுச் சிகிச்சை வெற்றி பெற்றது. 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இந்தியாவில் அதைச் சாதித்தது. உறுப்புத் தானத்தின் மார்க்க நிலை குறித்து 1988-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி, நிபந்தனைகளுடன் அனுமதி என்று முடிவெடுத்தது நம் வட்டாரத்தில் நன்கு அறியப்பட்டதே. ஆயினும் மாற்றுச் சிறுநீரகம் கிடைப்போர் சிலர். ஏனையோர்க்கு வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைந்த வாழ்வுதான். 168 மணி நேரமும் நடக்க வேண்டிய வேலையைப் பன்னிரண்டு மணி நேரத்தில் முடிக்கப் பார்க்கிறோம். தமிழகத்தில் அரசு மருத்துவமனைகளிலும் காப்பீட்டுத் திட்டத்திலும் இது கட்டணமின்றிக் கிடைப்பது பெரும் பேறு. ஆனால் போய்வரும் நாள்களின் கூலியை யாரும் தருவதில்லை.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். காயலின் பெயரை அரபு வணிகரிடையே பரப்பிய முத்து இன்று எடுக்கப்படுவதில்லை. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று. நிலைத்து நிற்பது உப்பு. இந்திய உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழகத்துக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடியினுடையது. ஆண்டின் தொடக்கத்திலிருந்து வடகிழக்குப் பருவமழை வரும்வரை உப்பெடுப்பு நடக்கும். வெயில் எவ்வளவு கடுமையோ அவ்வளவு நல்ல விளைச்சல். பாத்தியில் நின்று உப்பை வாருவோருக்கு மேலே சூரியன். கீழே உப்பிலும் நீரிலும் பட்டுத் திரும்பும் ஒளி. தலைச்சுமையாக அம்பாரத்துக்குக் கொண்டு சேர்ப்போரில் பெண்கள் மிகுதி. ஒதுங்க மறைவிடம் இல்லாத வெட்டவெளியில், தண்ணீர் குடிப்பதையே அவர்கள் குறைத்துக்கொள்கின்றனர்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர் வித்யா வேணுகோபாலும் அவர் குழுவினரும் 2017 முதல் 2020 வரை தமிழகத்தின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளரை ஆராய்ந்து, 2023-இல் முடிவுகளை வெளியிட்டனர். வேலைக்கு முன்னும் பின்னும் உடல் வெப்பம், வியர்வை, சிறுநீரின் அடர்த்தி ஆகியவற்றை அளந்தனர், இரத்தத்தையும் சோதித்தனர். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வரம்புக்கு மேற்பட்ட வெப்பத்தில் உழைப்பதும், நூற்றில் ஏழு பேருக்குச் சிறுநீரகத் திறன் குறைந்திருப்பதும் தெரியவந்தன. ஒருமுறை மட்டும் எடுத்த இரத்தத்தைக் கொண்டு நாள்பட்ட நோய் என்று தீர்ப்பளிக்க இயலாது. மூன்று மாதம் கழித்தும் குறைவு நீடித்தால்தான் அப்பெயர் பொருந்தும். அந்த எச்சரிக்கையோடு வாசித்தாலும் ஏழு என்பது சிறிய எண்ணன்று.

வெப்பம் எவ்வாறு சிறுநீரகத்தைத் தேய்க்கிறது? வியர்வையாக நீர் வெளியேற, இரத்தத்தின் அளவு குறைகிறது. தோலுக்கும் தசைக்கும் இரத்தம் தேவைப்படும் அந்நேரத்தில் சிறுநீரகத்துக்குச் செல்லும் பங்கு சுருங்குகிறது. கடின உழைப்பில் சிதையும் தசையிலிருந்து வரும் கழிவு வேறு சேர்கிறது. ஒருநாள் நேரும் இச்சிறு காயம் இரவில் ஆறிவிடும். நாள்தோறும், பருவந்தோறும் நேரும்போது ஆறாமல் வடுவாகிறது. மாலையில் உடல்வலிக்கு விழுங்கும் மாத்திரை, சுருங்கிய இரத்த ஓட்டத்தை இன்னும் சுருக்குகிறது. இவ்வகைத் தேய்வில் பலருக்குச் சர்க்கரையும் இல்லை, தொடக்கத்தில் இரத்தக் கொதிப்பும் இல்லை. சிறுநீரில் புரதமும் சொற்பமே. பிரைட்டின் கரண்டி இங்கே ஏமாற்றிவிடுகிறது. முகாம் போட்டுச் சிறுநீரை மட்டும் சோதித்து, குறை ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவது இத்தொழிலாளர் விஷயத்தில் போதாது. இரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்க வேண்டும்.

இவ்வகை நோய் நம்மிடம் மட்டும் இல்லை. 2002-இல் எல் சால்வடோர் நாட்டு மருத்துவர்கள், முற்றிய நிலையில் வரும் நோயாளிகளில் பெரும்பாலோர்க்கு வழக்கமான காரணம் எதுவும் இல்லை என்று எழுதினர்; அவர்கள் வெப்பமான கடலோரச் சமவெளிகளின் விவசாய ஆண்கள். இலங்கையின் அநுராதபுரப் பகுதியிலும் ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் இத்தகைய நோய் பரவலாக உள்ளது. அங்கெல்லாம் குடிநீர், பூச்சிமருந்து ஆகியவற்றின் மீதும் ஐயம் உண்டு. வழக்கு இன்னும் தீரவில்லை. தமிழகத்தில் 3350 விவசாயத் தொழிலாளரிடையே நடந்து 2025-இல் வெளியான ஆய்வில், நூற்றில் ஐந்து பேருக்குச் சற்று மேல் நாள்பட்ட சிறுநீரக நோய் உறுதியாயிற்று. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் காரணம் புலப்படவில்லை.

புதிய மருந்துகள் உதவாவா என்று கேட்கலாம். டாபாகிளிஃப்ளோசின் என்ற மருந்தை 4304 பேரிடம் சோதித்து 2020-இல் வெளியான ஆய்வு, சிறுநீரகத் தேய்வை அது கணிசமாகத் தடுப்பதைக் காட்டியது. அதே ஆண்டில் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்து விலையும் வீழ்ந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு இது பெரிய நற்செய்தி. ஆனால் அவ்வாய்வில் சேர்க்கப்பட்டோர் அனைவரும் சிறுநீரில் புரதம் வெளியேறியவர்கள். உப்பளத் தொழிலாளி அந்தக் கூட்டத்தில் இல்லை. மேலும் அம்மருந்து சிறுநீரை மிகுதிப்படுத்தும் இயல்புடையது. நீர் வற்றி நிற்கும் உடலுக்கு மருத்துவரின் மேற்பார்வையின்றி அதைக் கொடுப்பது தகாது.

ஆகவே சிகிச்சை வேலைத்தளத்தில்தான் தொடங்க வேண்டியுள்ளது. நிகராகுவாவின் கரும்புத் தோட்டமொன்றில் நீர், நிழல், கட்டாய ஓய்வு என்னும் மூன்றையும் முறைப்படுத்தி, கரும்பு வெட்டுவோரின் சிறுநீரகக் காயம் குறைவதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். இதைப் படித்தபோது ஃபத்ஹுல் முயீனில் நோன்புப் பாடம் நினைவுக்கு வந்தது. நம் அரபிக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் ஓதப்படும் அந்நூலில், ஷைகு ஸைனுத்தீன் மலைபாரீ (ரஹ்) அவர்கள், இமாம் அத்ரஈ (மறைவு ஹிஜ்ரி 783) அவர்களின் ஃபத்வா ஒன்றை எடுத்துரைக்கிறார்கள். அறுவடை செய்வோரும் அவர்களைப் போன்றோரும் இரவில் நோன்புக்கு நிய்யத்து வைத்தாக வேண்டும். பகலில் கடும் சிரமம் நேர்ந்தவர் நோன்பை விடலாம், நேராதவர் விடலாகாது என்பது அதன் கருத்து. பின்வந்த இப்னு ஹஜர் ஹைதமீ (ரஹ்) போன்றோர் இன்னொன்றையும் கவனிக்கின்றனர்: அவ்வேலையை இரவில் செய்ய இயலுமா, இயலாதா? வேலை, வெயில், உடல் ஆகிய மூன்றையும் சேர்த்து எடைபோடும் அக்கேள்வி, தொழில்நல ஆய்வாளர் இன்று உப்பள உரிமையாளரிடம் கேட்பதற்கு வெகு அருகில் நிற்கிறது. உப்பளம் உடையோர் நம் வாசகரிடையே இருக்கக்கூடும். விடியலுக்கு முன் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிப்பது சில பாத்திகளில் ஏற்கெனவே வழக்கம்தான். கழிப்பிடமும் நிழற்பந்தலும் குடிநீர்ப் பானையும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

செலவைப் பற்றிச் சொல்ல சென்னைச் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி பொருத்தமானவர். சென்னையை அடுத்த கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்து வீடுவீடாக இரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்க்கச் செய்து, மலிவான பழைய மாத்திரைகளைக் கொண்டே நோயைக் கட்டுப்படுத்தினார் அவர். தலைக்கு ஆண்டுக்குச் சில ரூபாய்களில் முடிந்த பணி அது. கொதிப்பையும் சர்க்கரையையும் குறிவைத்த அத்திட்டத்தை உப்பளத்துக்கு அப்படியே பெயர்த்துவைக்க இயலாது. ஆனால் தூத்துக்குடிக்கு ஒரு வசதி உண்டு. இங்கே வேலைப் பருவம் தெளிவாகத் தொடங்கித் தெளிவாக முடிகிறது. வேலையில்லா மழைமாதங்களுக்கென்று தமிழக அரசு 2022 முதல் உப்பளத் தொழிலாளருக்கு ஐயாயிரம் ரூபாய் உதவித்தொகை வழங்கத் தொடங்கியதால், பெயர்ப்பட்டியலும் கைவசம் உள்ளது. பாத்தி கட்டுமுன் ஒருமுறை, உப்பெடுப்பு முடிந்ததும் ஒருமுறை என அதே மனிதரின் இரத்தத்தை எடுத்துக் கிரியேட்டினினை ஒப்பிட்டால், அந்தக் கோடை அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பது தாளில் தெரிந்துவிடும்.