குனிந்து காலைத் தொட முடிகிறதா?

வானொலிப் பேச்சில் நேரம் போதாமல் விட்டுப்போன சில விடயங்களையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் ஊரில் உடற்கல்வி ஆசிரியனாக இருந்தவன். இல்ல மெய்வல்லுநர் போட்டி வந்துவிட்டால் ஒரு மாதத்துக்கு மைதானமே வீடு. இலண்டனுக்கு வந்த பிறகு பெற்றோல் நிலையம், அதன் பின் பலசரக்குக் கடை. நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மணித்தியாலம் கல்லாவுக்குப் பின்னால் உயரமான ஒரு கதிரையில் இருப்பு. இப்படியே இருபது வருடத்துக்கு மேல் போய்விட்டது.

2021 இல் அப்பா ஊரில் காலமானார். கொரோனாத் தடைகளால் போக முடியவில்லை. அந்தியேட்டிக் கிரியையை இங்கேயே வீட்டில் செய்தோம். குருக்கள் என்னை நிலத்தில் இருக்கச் சொன்னார். சப்பாணி கட்டப் பார்த்தேன். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு நேரே நிற்கின்றன, நாரி பின்னால் சரிகிறது, ஐந்து நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கடைசியில் யாரோ ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்தார்கள். அப்பாவுக்குச் செய்ய வேண்டிய கடமையைக் கதிரையில் இருந்தபடி செய்து முடித்தேன். எத்தனையோ நூறு பிள்ளைகளை மைதானத்தில் வளைய வைத்தவன் நான்!

"வயது போகுதுதானே அண்ணை" என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். வயதும் ஒரு காரணம்தான். ஆனால் என் மகனுக்கு 13 வயது. அவனைக் குந்தி இருக்கச் சொன்னால் குதிக்கால் இரண்டும் மேலே எழும்ப, பின்பக்கமாக விழுகிறான். அதற்கு வயதைக் காரணம் சொல்ல முடியாது.

ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் குந்தி எழும்பியிருப்போம் என்று எண்ணிப் பாருங்கள். கிணற்றடியில் உடுப்புத் தோய்க்க, திருவலையில் இருந்து தேங்காய் திருவ, முற்றம் கூட்ட, பாயில் இருந்து சாப்பிட, காலைக்கடனுக்கு. யாரும் அதை உடற்பயிற்சி என்று சொன்னதில்லை. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் முழுதாக மடங்கி விரியும் வேலை நாள் முழுவதும் தானாக நடந்தது. இங்கே பஸ்ஸில் கதிரை, பள்ளிக்கூடத்தில் கதிரை, வேலையில் கதிரை, வீட்டுக்கு வந்தால் சோபா. இடுப்பு ஒரே கோணத்தில் மடிந்தபடியே கிடக்கிறது. ஒரு மூட்டு எவ்வளவு தூரம் அசையுமோ அவ்வளவு தூரத்துக்கு அதை அடிக்கடி அசைக்காவிட்டால் அந்தத் தூரம் மெல்ல மெல்லச் சுருங்கும். நெகிழ்வு குறைவது என்பது இதுதான்.

இதைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்கும் இடங்களில் ஒன்று பள்ளிக்கூடத்துப் பி.ஈ. பாடம். அந்தப் பாடத்தை எம்மவரில் பலர் எப்படி நடத்துகிறோம்? குளிருகிறது, ரியூசன் சோதனை வருகிறது, பெண்பிள்ளை அரைக்காற்சட்டையோடு ஓட வேண்டாம் என்று காரணம் தேடி, "வயிற்றுவலி, இன்று விட்டுவிடுங்கள்" என்று கடிதம் கொடுத்து விடுகிறோம். மற்றவர்களைக் குறை சொல்லவில்லை. 11-பிளஸ் பரீட்சை நெருங்கிய வருடம் என் மகளுக்கு நானே இரண்டு தரம் அப்படி எழுதிக் கொடுத்தேன். உடற்கல்வி ஆசிரியனாக இருந்த நான்!

இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் உடற்கல்வி கட்டாயப் பாடம். 7 முதல் 11 வயது வரையான பிள்ளைகளுக்கு உடல் நெகிழ்வு, பலம், நுட்பம், கட்டுப்பாடு, சமநிலை ஆகியவற்றை வளர்க்க வேண்டும் என்று அதில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. ஜி.சி.எஸ்.ஈ.யில் உடற்கல்வியை ஒரு பாடமாக எடுத்தால் மொத்தப் புள்ளிகளில் 60 வீதம் எழுத்துப் பரீட்சைக்குரியது. தசை, மூட்டு, சுவாசம் எல்லாம் படிக்க வேண்டும். காலை நீட்டி இருந்து, பாதத்தை ஒரு பெட்டியில் முட்டுக்கொடுத்து, கை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று அளக்கும் சோதனையும் அதில் வரும். 1952 இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட சோதனை அது. "விளையாட்டுத்தானே" என்று தள்ளிவிடக்கூடிய பாடம் இல்லை.

இந்தப் பாடம் இலண்டனில் வேர்விட்ட கதையையும் சொல்ல வேண்டும். சுவீடனில் பெர் ஹென்றிக் லிங் என்பவர் 1813 இல் ஸ்ரொக்ஹோமில் உடற்பயிற்சிக்கென்று ஒரு நிலையத்தைத் தொடங்கினார். பாரம் தூக்காமல், உடம்பை ஒழுங்காக நீட்டி, வளைத்து, திருப்பிச் செய்யும் பயிற்சி முறை அவருடையது. அந்த நிலையத்தில் பயின்ற மார்ட்டினா பேர்க்மன் ஒஸ்ரர்பேர்க் என்ற பெண்மணியை இலண்டன் பாடசாலைச் சபை 1881 இல் பெண்பிள்ளைகளின் உடற்பயிற்சிக்குப் பொறுப்பாளராக நியமித்தது. 1885 இல் அவர் ஹம்ஸ்ரெட்டில் பெண் உடற்கல்வி ஆசிரியைகளுக்கு ஒரு கல்லூரி தொடங்கினார். 1895 இல் அதை டார்ட்ஃபோர்டுக்கு மாற்றினார். பெண்கள் உடம்பை வளைத்துப் பயிற்சி செய்வது தகாது என்று இந்த நாட்டுக் கனவான்களும் பேசிய காலம் அது. எங்கள் வீடுகளில் இன்று கேட்கும் பேச்சுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

பிரித்தானியர் ஆண்ட காலத்தில் பள்ளிக்கூடங்களுக்கு வந்த "ட்றில்" எங்கள் ஊரிலும் நிலைத்தது. எனக்குப் படிப்பித்த ட்றில் மாஸ்ரரும் அதைத்தான் செய்வித்தார், நானும் அதைத்தான் செய்வித்தேன். அதில் நான் செய்த பிழை ஒன்று உண்டு. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ண, ஒவ்வொரு எண்ணுக்கும் வெடுக்கு வெடுக்கென்று குனிந்து பெருவிரலைத் தொட வேண்டும். எட்டாதவனின் முதுகில் கையை வைத்து அமத்துவேன். அப்போது அதுதான் முறை என்று நினைத்திருந்தேன்.

ஏன் அது பிழை? தசைக்குள் காவற்காரர் போலச் சில நரம்பு முனைகள் இருக்கின்றன. தசையை வேகமாக இழுத்தால் "கிழியப் போகிறது" என்று அவை சைகை கொடுக்கும். உடனே தசை தன்னைத்தானே சுருக்கிக்கொள்ளும். ஆகவே துள்ளித் துள்ளிக் குனியும்போது நாம் நீட்ட முயல்கிறோம், தசையோ சுருங்க முயல்கிறது. மெதுவாகப் போய், இழுவை தெரியும் இடத்தில் அசையாமல் நின்று, மூச்சை அடக்காமல் விட்டுக்கொண்டிருந்தால் அந்தக் காவல் தளரும். முதற் சில வாரங்களில் கிடைக்கும் முன்னேற்றத்தில் பெரும் பங்கு தசை நீளமாகி வருவதல்ல. அந்த இழுவையைத் தாங்க நரம்புகள் பழகிக்கொள்வதால் வருவது. அதனால்தான் இரண்டு கிழமை விட்டுவிட்டால் பழையபடி விறைத்துவிடுகிறது.

எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? 1994 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் தொடையின் பின்தசையை 15, 30, 60 செக்கன் என்று வெவ்வேறு நேரம் நீட்டி, கிழமைக்கு 5 நாளாக 6 கிழமை பார்த்தார்கள். 30 செக்கன் 15 ஐ விட நல்ல பலன் தந்தது. 60 செக்கன் அதற்கு மேல் ஒன்றும் தரவில்லை. ஆகவே 30 செக்கன் போதும். அதை இரண்டு மூன்று தரம் செய்யலாம்.

குளிர்ந்த உடம்பை நீட்டக் கூடாது. முதலில் ஐந்து நிமிடம் படிக்கட்டில் ஏறி இறங்குங்கள். பிறகு கடைசிப் படிக்கு முதற் படியில் ஒரு குதிக்காலை வைத்து, முழங்காலை இலேசாகத் தளர்த்தி, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து முன்னால் சரியுங்கள். தொடையின் பின்பக்கம் இழுக்கும். முதுகைக் கூனிக்கொண்டு கை நிலத்தைத் தொட்டதில் பெருமை இல்லை, நாரிதான் நோகும். சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்துக் குதிக்காலை நிலத்தில் அமத்தினால் கெண்டைக்கால் நீளும். குந்த முடியாதவர்களுக்கு இது மிக முக்கியம். கல்லாவில் இருப்பவர்கள், மினிகாப் ஓட்டுபவர்கள் ஒரு முழங்காலை மெத்தை போட்டு நிலத்தில் ஊன்றி, மற்றக் காலை முன்னால் வைத்து, இடுப்பை முன்னுக்குத் தள்ளிப் பாருங்கள். நாள் முழுக்க மடிந்து கிடந்த தொடை மூட்டின் முன்பக்கம் எங்கே இருக்கிறது என்று அப்போது தெரியும்.

இழுவை வேறு, வலி வேறு. குத்துகிற வலி, காலுக்குள் மின்சாரம் போல ஓடும் வலி, விறைப்பு, மரப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள்.

நீட்டல் பயிற்சி எல்லாவற்றுக்கும் மருந்தில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓடுவதற்கு முன் நீட்டினால் காயம் வராது என்று நான் ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன். அவுஸ்திரேலியாவில் 1,538 இராணுவப் பயிலுநர்களை வைத்துச் செய்து 2000 இல் வெளியிட்ட ஆய்வில், நீட்டியவர்களுக்கும் நீட்டாதவர்களுக்கும் காயத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இருக்கவில்லை. மறுநாள் வரும் உளைவையும் அது பெரிதாகக் குறைப்பதில்லை. ஓட்டப் போட்டிக்குச் சற்று முன் ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டி வைத்திருந்தால் வேகம் கொஞ்சம் குறையவும் கூடும். அதனால்தான் இப்போது பிள்ளைகள் விளையாடுமுன் முழங்காலை உயர்த்தி ஓடி, காலை வீசி, அசைந்தபடியே உடம்பைச் சூடாக்குகிறார்கள். நின்று நீட்டும் பயிற்சியைப் பிறகு செய்யலாம், அல்லது தனியாக ஒரு நேரம் ஒதுக்கலாம்.

எம்மவர் வீடுகளில் பெண்பிள்ளைகள் பலருக்கு நெகிழ்வுப் பயிற்சி என்றால் அது பரதநாட்டிய வகுப்பு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அரைமண்டியில் கால் வெளிப்பக்கம் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்புக் குழியின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு. ஒருத்திக்குச் சுகமாகத் திரும்பும் அளவு இன்னொருத்திக்கு எவ்வளவு பழகினாலும் வராது. இடுப்பு திரும்பாத மிச்சத்தைப் பிள்ளை பாதத்தைத் திருப்பிச் சமாளிக்கும்போது முழங்கால் முறுக்குப்படுகிறது. என் மகளுக்கு 14 வயதில் முழங்கால் வலி வந்தது. அவள் போன வகுப்பில் தொடையைக் கையால் கீழே அமத்தி "இன்னும் இரு" என்பார்கள். நான் மைதானத்தில் செய்ததுதான், குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. வீட்டில் நீங்களே பார்க்கலாம்: அரைமண்டியில் இருக்கும்போது முழங்கால் பாதத்தின் விரல்கள் பார்க்கும் திசையிலேயே மடிய வேண்டும். உள்ளே சரிந்தால் பாதத்தைக் குறைத்துத் திருப்பச் சொல்லுங்கள், மண்டி சற்று உயரமாக இருந்தாலும் பரவாயில்லை. மாரிகாலத்தில் வாடகை மண்டபங்கள் குளிர்ந்து கிடக்கும். முதற் பத்து நிமிடம் ஸ்வெற்றரைக் கழற்ற வேண்டாம்.

பிள்ளை திடீரென்று உயரமாகும் வருடங்களில் உடம்பு விறைத்தது போலத் தோன்றலாம், முழங்காற்சில்லுக்குக் கீழே நோவும் வரலாம். அந்த நேரத்தில் வற்புறுத்தி வளைக்கக் கூடாது. இதற்கு நேர்மாறாகச் சில பிள்ளைகள் ரப்பர் போல வளைவார்கள். பெருவிரலை மடக்கினால் முன்கையைத் தொடும், முழங்கை பின்பக்கமாக வளையும். விருந்தாளிகள் முன் அதைச் செய்து காட்டச் சொல்லி நாங்கள் மகிழ்வோம். அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது மேலும் நீட்டல் அல்ல, மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் தசைப் பலம்.

பெரியவர்களுக்கு இரண்டு விடயம். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள்மூட்டு இறுகிப்போவது மற்றவர்களை விட அதிகம். கை மேலே போகவில்லை, முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்ச் சட்டை மாட்ட முடியவில்லை என்றால் "வாதம்" என்று எண்ணெய் பூசிக்கொண்டிராமல் ஜி.பி.யிடம் காட்டுங்கள். மற்றது, ஊரில் பட்ட காயங்கள். உடம்புக்குள் செல் துண்டோடு வாழ்பவர்களும், தடுப்பில் இருந்தபோது தோளோ முதுகோ சேதப்பட்டவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்கள் இங்கே நான் எழுதியதை அப்படியே செய்யாமல் முதலில் பிசியோதெரபிஸ்ற் ஒருவரைக் காண வேண்டும். என்.எச்.எஸ்.ஸில் பல இடங்களில் ஜி.பி.யிடம் போகாமல் நேரடியாகவே பிசியோவுக்குப் பதியலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பதியும்போதே கேளுங்கள், அதற்குக் காசு இல்லை. காயத்தின் கதையைச் சொல்லப் பிள்ளையை மொழிபெயர்ப்புக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.

அந்தியேட்டி முடிந்த கிழமையே நான் படிக்கட்டில் தொடங்கினேன். கடை பூட்டி வந்து இரவு பத்தரைக்குப் பத்து நிமிடம். முதல் மாதம் ஒரு மாற்றமும் தெரியவில்லை, மனைவி சிரித்தார். மூன்றாம் மாதம் சப்பாத்து நூலைக் காலைத் தூக்கி வைக்காமல் குனிந்து கட்டினேன். மகனும் சில நாட்கள் கூட நின்றான், பிறகு விட்டுவிட்டான், இப்போது கால்பந்து அணிக்காக மறுபடியும் செய்கிறான்.

அப்பாவின் ஆட்டைத் திவசம் வந்தது. நிலத்தில் இருந்தேன். பாதி நேரம் சப்பாணி கட்டி இருந்தேன், பிறகு இடது கால் மரத்துப்போக மடிப்பை மாற்றிக்கொண்டேன். கதிரை சுவரோரமாக இருந்தது, அதில் மாமா இருந்தார்.