பஞ்சத்தில் பிறந்த கதைகள்

அண்மையில் மாவட்டத் தலைநகர் ஒன்றின் பொது நூலகத்துக்குச் சென்றிருந்தேன். சிறுவர் பகுதியில் எட்டு வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி தேவதைக் கதைத் தொகுப்பு ஒன்றை எடுத்து வந்தாள். 'சூனியக்காரி கதையெல்லாம் எதற்கம்மா? பொது அறிவுப் புத்தகமாகப் பார்த்து எடு' என்று அவளுடைய தந்தை அதைத் திருப்பி வைக்கச் சொன்னார். பெற்றோர் பலரின் கருத்தும் இன்று அதுவே. பொய்யும் அச்சமும் நிறைந்த கதைகளால் குழந்தைக்கு என்ன பயன் என்று அவர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. அதற்கான விடை அக்கதைகளின் வரலாற்றில் இருக்கிறது.

பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோவின் கதைத் தொகுப்பு 1697-இல் வெளிவந்தது. சிண்டரெல்லா கதை இடம்பெற்ற அதே தொகுப்பில் கட்டைவிரல் அளவே உயரமுடன் பிறந்த சிறுவனின் கதையும் உண்டு. பஞ்ச காலத்தில் ஏழு பிள்ளைகளுக்கும் உணவளிக்க வழியற்ற விறகுவெட்டி, அவர்களைக் காட்டில் விட்டுவிட்டு வருவதில் அக்கதை தொடங்குகிறது. இது வெறும் கற்பனையன்று. நூல் வெளிவருவதற்குச் சில ஆண்டுகளே முன்பு, 1693-94-இல், பிரான்ஸைப் பெரும் பஞ்சம் தாக்கியது. அதில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நூலை முதலில் படித்தவர்களுக்கு அந்த விறகுவெட்டியின் நிலை நேற்றைய செய்தி.

ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தங்கள் தொகுப்பின் முதல் பாகத்தை 1812-இல் வெளியிட்டனர். அதில் உள்ள ஹான்சல், கிரெட்டல் கதையிலும் வறுமையால் பிள்ளைகள் காட்டில் விடப்படுகின்றனர். அவ்வாறு செய்யத் தூண்டுபவள் முதல் பதிப்பில் பெற்ற தாய். பிந்தைய பதிப்புகளில் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். பெற்றவளே பிள்ளைகளைக் கைவிடுவாள் என்பதைக் குழந்தைகளுக்கான நூலில் வைத்திருக்க மனம் ஒப்பவில்லை போலும். ஆனால், பசி நீக்கப்படவில்லை. 1857-இல் வந்த இறுதிப் பதிப்பு, நாட்டில் ஏற்பட்ட கடும் விலையேற்றத்தால் அன்றாட ரொட்டிக்கும் விறகுவெட்டி வழியற்றுப் போனதைக் குறிப்பிடுகிறது. அதே கதையில், காட்டின் நடுவே சூனியக்காரியின் வீடு ரொட்டியாலும் இனிப்புகளாலும் ஆனதாக நிற்கிறது.

பஞ்சம் என்பது உணவே இல்லாத நிலை மட்டுமன்று, இருக்கும் உணவைப் பெறும் வகை மக்களுக்கு இல்லாத நிலையும்தான் என்று அமர்த்திய சென் 1981-இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார். விறகுவெட்டியின் குடிசையையும் சூனியக்காரியின் வீட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் குழந்தைக்கு இந்த உண்மையின் முதல் பாடம் கிடைத்துவிடுகிறது.

நமக்கும் இத்தகைய கதை உண்டு. பஞ்சத்தால் பிறந்தகம் தேடி வந்து, அண்ணியால் அவமதிக்கப்பட்டு, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்த நல்லதங்காளின் கதை, கதைப்பாடலாகவும் நாடகமாகவும் தமிழகமெங்கும் பரவியது. பெரோவின் கதையிலும் பிள்ளைகள் ஏழு என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால், இரண்டுக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. நல்லதங்காள் கதை தாயின் பக்கம் நின்று பஞ்சத்தைச் சொல்கிறது; அதனால் அது புலம்பலாக முடிகிறது. தேவதைக் கதையோ அதே பஞ்சத்தைக் குழந்தையின் பக்கம் நின்று சொல்கிறது. எல்லோரிலும் சிறியவன் வழியில் கூழாங்கற்களைப் போட்டு வீடு திரும்புகிறான். தங்கை சூனியக்காரியை அடுப்பில் தள்ளி அண்ணனை மீட்கிறாள். பெரியவர்கள் கைவிட்ட இடத்திலும் சிறுவர் தம் அறிவால் பிழைக்க முடியும் என்பதே அக்கதைகள் தரும் உறுதி.

இந்த உறுதி இன்றைய குழந்தைக்கும் தேவை. வீட்டில் பணமில்லை என்பதை எவரும் சொல்லாமலே, பெற்றோரின் தாழ்ந்த குரலிலிருந்து குழந்தை அறிந்துகொள்கிறது. பள்ளிக் கட்டணம், வாடகை, கடன் ஆகியவை குறித்து அதனிடம் நாம் பேசுவதில்லை. பேசாததால் அதன் அச்சம் குறைவதுமில்லை. அந்த அச்சத்துக்கு ஓர் உருவத்தையும் ஒரு முடிவையும் கதை தருகிறது. பொது அறிவு நூல் இன்றியமையாததுதான். ஆனால், இந்தப் பணியை அதனால் செய்ய இயலாது.

இங்குதான் நூலகம் முக்கியத்துவம் பெறுகிறது. வண்ணப் படங்களுடன் கூடிய சிறுவர் நூல்களின் விலை, கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கு எட்டுவதாக இல்லை. எவருடைய வாழ்க்கையை இக்கதைகள் பேசுகின்றனவோ, அவர்களின் பிள்ளைகளுக்கு அவை நூலகம் வழியாகவே கிடைக்க முடியும். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக 1948-இல் பொது நூலகச் சட்டம் இயற்றியது அன்றைய சென்னை மாகாணம். இன்றும் தமிழகத்தில் சொத்து வரியுடன் நூலக வரி வசூலிக்கப்படுகிறது. அந்தத் தொகையை உள்ளாட்சி அமைப்புகள் உரிய காலத்தில் நூலகங்களுக்கு வழங்க வேண்டும்.

பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும் நூல் குழந்தைக்குப் பயன்படாது. கிளை நூலகங்களின் சிறுவர் பகுதிகளில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் திறந்த அலமாரிகள் வேண்டும். பள்ளி முடிந்து மாணவர்கள் வரும் மாலை நேரத்தில் அப்பகுதி திறந்திருக்க வேண்டும். கி.ராஜநாராயணன் போன்றோர் தொகுத்த நம் நாட்டுப்புறக் கதைகளும் சிறுவருக்கேற்ற பதிப்புகளாக அங்கே இடம்பெற வேண்டும். அங்கு வரும் குழந்தை எந்த நூலை எடுப்பது என்பதை, ஒரு மணி நேரமாவது, அதன் விருப்பத்துக்கே பெற்றோர் விட்டுவிட வேண்டும்.