வெட்டாமல் விட்ட இடம்

என் அப்பா சிவகாசியில் முப்பத்தைந்து வருஷம் டை அடித்தார். கல்யாணப் பத்திரிகை, ஸ்வீட் பாக்ஸ், காலண்டர் அட்டை இவற்றையெல்லாம் வடிவமாக வெட்டி எடுக்கும் அச்சுக்குத்தான் டை என்று பெயர். பிளைவுட் பலகையில் வரைபடத்தை ஒட்டி, கோட்டின் மேலேயே மெல்லிய ரம்பத்தை ஓட்டி, அந்தப் பிளவுக்குள் எஃகுத் தகட்டை வளைத்து வளைத்துச் சுத்தியலால் இறக்குவார். தகட்டில் இரண்டு வகை உண்டு. கூர்முனைத் தகடு வெட்டும். அதன் உயரம் 23.8 மில்லிமீட்டர். இன்னொன்று முனை மழுங்கியது, துளி குட்டையானது. அது காகிதத்தை வெட்டாது. அழுத்தி மடிப்புக் கோடு மட்டும் போடும். அதை க்ரீசிங் என்பார்கள்.

"எதை வெட்டணும்னு எவனுக்கும் தெரியும் தாயி. எதை வெட்டக் கூடாதுன்னு தெரியணும்" என்பார் அப்பா. பள்ளிக்கூடம் விட்டு வந்து, பட்டறை மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த எனக்கு அது தொழில் பேச்சாகத்தான் காதில் விழுந்தது. இன்று என் வேலை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது.

சென்னையில் என் வீட்டு மேஜையில் ஒரு வெட்டும் மெஷின் இருக்கிறது. பிரிண்டர் அளவுதான். அதை வைத்துக்கொண்டு ஆறு வருஷமாக முப்பரிமாண வாழ்த்து அட்டைகள் செய்கிறேன். மூடியிருக்கும்போது தபால் உறைக்குள் போகிற தட்டை அட்டை. திறந்தால் உள்ளே ஒரு கோபுரமோ, மரமோ, வீடோ எழுந்து நிற்கும். கொலுப்படிக்குத் தோரணம், கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம், பிறந்தநாள் மேஜைக்குக் காகித ரோஜா என்று அலங்காரங்களும் செய்கிறேன்.

மெஷின் என்ன செய்கிறது?

க்ரிகட், சில்லவெட் கேமியோ என்ற இரண்டு பெயர்களைக் கைவினைக்காரர்கள் அடிக்கடி சொல்லக் கேட்கலாம். இரண்டும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து நிறுவனங்களின் தயாரிப்பு. லேசாக ஒட்டும் தன்மையுள்ள ஒரு பிளாஸ்டிக் பாயில் காகிதத்தை ஒட்டி உள்ளே கொடுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் வைத்திருப்பது 12 அங்குலப் பாய். உருளைகள் பாயை முன்னும் பின்னும் இழுக்கும். கத்தி இடமும் வலமும் ஓடும். இந்த இரண்டு அசைவும் சேர்ந்தால் எந்த வளைவையும் வெட்டிவிடலாம். கணினியில் நாம் வரைந்த கோடுதான் அதற்கு வழித்தடம்.

கத்தி மிகச் சிறியது. அதன் முனை, அது சுழலும் அச்சுக்கு நேர் கீழே இல்லாமல் கொஞ்சம் விலகி இருக்கும். கடையில் தள்ளுவண்டியின் முன்சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் தானாகத் திரும்பிக்கொண்டு பின்னால் இழுபட்டு வரும். இந்தக் கத்தியும் அப்படித்தான். அதனால்தான் கூர்மையான மூலைகளில் மெஷின் ஒரு சின்னச் சுழிப்புப் போட்டுக் கத்தியைத் திருப்பிக்கொள்கிறது. கத்தி மழுங்கினால் முதலில் கெடுவதும் மூலைகள்தான். மூலையில் பிசிறு தெரிந்தால் நான் அன்றே கத்தியை மாற்றிவிடுவேன்.

ஒரு டை செய்ய ஒரு நாள் ஆகும். ஆனால் அதே டை ஆயிரக்கணக்கில் வெட்டித் தள்ளும். என் மெஷினுக்கு டை வேண்டாம். ஆனால் ஒவ்வொரு தாளையும் நிமிஷக் கணக்கில் நின்று வெட்டும். ஐந்நூறு பத்திரிகை வேண்டும் என்று யாராவது கேட்டால் சிவகாசிக்கே அனுப்பிவைக்கிறேன். ஒரே ஒரு ஆளுக்காக, ஒரே ஒரு அட்டை என்றால் அது என் மேஜைக்கு உரிய வேலை.

பதினான்கு துண்டுகள்

மெஷின் வந்த வாரம், ஒரு வீட்டை வரைந்து வெட்டக் கொடுத்தேன். பாயிலிருந்து எடுத்தபோது வீடு வரவில்லை. பதினான்கு துண்டுகள் வந்தன. சுவர் தனி, கூரை தனி, படி தனி. மடிப்புக் கோடுகளையும் வெட்டுக் கோடுகளாகவே விட்டிருந்தேன். மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான். கோடு என்றால் வெட்டும்.

மடிப்பு என்று நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். முனை மழுங்கிய ஊசியைப் பொருத்தி அழுத்தக் கோடு போடச் சொல்லலாம். அப்பாவின் க்ரீசிங் தகடு செய்த அதே வேலை. ஊசி இல்லாவிட்டால், மடிப்புக் கோட்டை விட்டுவிட்டு வெட்டும் புள்ளிக் கோடாக மாற்றலாம். நான் 3 மில்லிமீட்டர் வெட்டு, 2 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைக்கிறேன்.

அந்தப் பதினான்கு துண்டுகளைப் பார்த்தபோதுதான் பட்டறைப் பேச்சு எனக்கு முழுசாகப் புரிந்தது. ஒரே தாளில் எழும் வீட்டைத் தாங்குவது பசையோ முட்டோ கிடையாது. வெட்டாமல் விட்ட சில சென்டிமீட்டர் காகிதம்தான் அதைத் தாங்குகிறது.

நீங்களே செய்து பாருங்கள்

இதற்கு மெஷின் வேண்டாம். 20 சென்டிமீட்டர் உயரம், 14 சென்டிமீட்டர் அகலத்தில் கொஞ்சம் கெட்டியான தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தின் நடுவே குறுக்காக மடித்து விரியுங்கள். மேல் பாதி சுவர், கீழ் பாதி தரை.

இப்போது நடு மடிப்பைக் கடந்து செல்லும்படி, 4 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு நேர் வெட்டுகள் போடுங்கள். ஒவ்வொன்றும் மடிப்புக்குக் கீழே 3 சென்டிமீட்டரில் தொடங்கி, மேலே 5 சென்டிமீட்டரில் முடியட்டும். இரண்டு வெட்டுகளுக்கும் நடுவே 8 சென்டிமீட்டர் நீளப் பட்டை ஒன்று கிடைக்கும். அதன் கீழ் நுனியிலும் மேல் நுனியிலும் பள்ள மடிப்பு. கீழ் நுனியிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில் மேட்டு மடிப்பு. பட்டைக்குள் வரும் பழைய நடு மடிப்பை நிமிர்த்திவிடுங்கள். அட்டையைச் செங்கோணத்தில் திறந்து, பட்டையை உங்கள் பக்கம் இழுத்துவிட்டால், 5 சென்டிமீட்டர் உயரமும் 3 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள ஒரு பெட்டி நிற்கும்.

கணக்கு இவ்வளவுதான். ஆழமும் உயரமும் கூட்டினால் பட்டையின் நீளம். அட்டையை மூடும்போது பெட்டியின் முன்விளிம்பு மடிப்பிலிருந்து அதே 8 சென்டிமீட்டர் தூரத்துக்கு வரும். அட்டையின் பாதி 10 சென்டிமீட்டர் என்பதால் அது உள்ளேயே அடங்கிவிடும். கூட்டுத்தொகை 10-ஐத் தாண்டினால் வெளியே மூக்கை நீட்டும். படிக்கட்டு, மாடி, கோபுரம் எல்லாமே இந்தப் பெட்டியின் பிள்ளைகள்தான். ஒரு பெட்டியின் மடிப்பின் மேல் இன்னொரு பெட்டியை வெட்டினால் கட்டடம் வளர்ந்துகொண்டே போகும்.

இந்த முறையை ஒரு கலையாகவே வளர்த்தவர் ஜப்பானியக் கட்டடக்கலைஞர் மசாஹிரோ சட்டானி (1934–2008). டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1980-களின் தொடக்கத்தில், வாழ்த்து அட்டைகளைப் புதுவிதமாகச் செய்து பார்க்கும் ஆசையில் தொடங்கியிருக்கிறார். ஜப்பானில் புத்தாண்டுக்கு அட்டை அனுப்பும் வழக்கம் ஆழமாக வேரூன்றியது. ஜப்பானிய மொழியில் 'ஒரி' என்பது மடிப்பதையும் 'கிரி' என்பது வெட்டுவதையும் குறிக்கும். 'கமி' என்றால் காகிதம். ஒரிகாமியும் கிரிகாமியும் கைகோத்த இடத்தில் சட்டானி கட்டடங்களை எழுப்பினார். அட்டைகள் மனிதர்களை இணைப்பவை என்று அவர் நம்பினார். நானும் நம்புகிறேன்.

காகிதத்துக்கும் ஓட்டம் உண்டு

இரண்டாவது வீடு நின்றது. ஆனால் மடிப்புகள் வெடித்து, ஓரமெல்லாம் வெள்ளை தெரிந்தது. அப்போது அப்பா என்னோடு இருந்தார். அட்டையை வாங்கி விரலால் தடவிவிட்டு, "குறுக்கால மடிச்சிருக்க" என்றார்.

ஆலையில் காகிதம் உருவாகும்போது நார்கள் பெரும்பாலும் மெஷின் ஓடும் திசையிலேயே படுக்கின்றன. அந்தத் திசையோடு மடித்தால் மடிப்பு வழவழப்பாக விழும். குறுக்கே மடித்தால் நார்கள் முறியும். திசையைக் கண்டுபிடிக்க அப்பா காட்டிய வழி இது. ஒரு சின்னத் துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் ஈரவிரலால் தடவினால், தாள் குழல்போலச் சுருளும். குழலின் நீளவாக்குதான் நார் ஓடும் திசை. நல்லவேளையாக, ஒரே தாளில் செய்யும் வீட்டு அட்டையில் மடிப்புகள் எல்லாம் ஒரே திசையில்தான் வரும். தாளைச் சரியாகத் திருப்பிப் பாயில் ஒட்டினால் எல்லா மடிப்பும் தப்பித்துவிடும்.

காகிதம் வாங்க நான் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போவேன். ஜி.எஸ்.எம். என்று கடைக்காரர் கேட்பது, ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதை. ஜெராக்ஸ் தாள் 75 அல்லது 80. எழுந்து நிற்கும் அட்டைக்கு 180 முதல் 220 வரை எனக்கு ஒத்துவருகிறது. பளபளப்புப் பூச்சுள்ள ஆர்ட் தாள் மடிப்பில் வெடிக்கும். பூச்சில்லாத தாள்தான் நல்லது.

வெட்டி முடித்ததும் காகிதத்தைப் பாயிலிருந்து உரிக்கக் கூடாது; உரித்தால் சுருண்டுபோகும். பாயைக் கவிழ்த்துக் காகிதத்தை மேஜையில் பதித்துக்கொண்டு, பாயைத்தான் உரித்தெடுக்க வேண்டும். புதுப் பாயின் பசை மெல்லிய தூண்களைப் பிய்த்துவிடும். அதனால் ஒரு பருத்திச் சேலைத் துண்டால் இரண்டு முறை ஒற்றி எடுத்த பிறகே முதல் தாளை ஒட்டுவேன்.

நட்சத்திரமும் ரோஜாவும்

அலங்காரங்களுக்கும் இதே பாடம்தான். ஐந்து முனை நட்சத்திரத்தில் நடுவிலிருந்து முனைகளுக்கு ஐந்து மேட்டு மடிப்பு. நடுவிலிருந்து உள்மூலைகளுக்கு ஐந்து பள்ள மடிப்பு. பத்தையும் அழுத்தியதும் தட்டைத் தாள் புடைத்து நட்சத்திரமாகும். இரண்டை முதுகோடு முதுகு ஒட்டினால் டிசம்பரில் வாசலில் தொங்கவிடலாம்.

ரோஜா இன்னும் எளிது. மெஷின் ஒரு சுருள் வடிவத்தை, வெளியோரம் அலையலையாக இருக்கும்படி வெட்டித் தரும். வெளி நுனியிலிருந்து சுற்றிக்கொண்டே வந்தால் கடைசியில் நடுவட்டம் மிஞ்சும். அதில் ஒரு சொட்டுப் பசை வைத்து அடியில் ஒட்டி, விரலைத் தளர்த்தினால் இதழ்கள் விரியும்.

காகித உருண்டை வேண்டுமென்றால் வட்டத் துண்டுகளில் பாதி ஆழம்வரை வெட்டுப் போட்டு ஒன்றுக்குள் ஒன்று கோக்க வேண்டும். வெட்டின் அகலம் காகிதத்தின் தடிமனுக்குச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் தாள் நெளியும், கூடினால் உருண்டை ஆடும். புதுக் காகிதம் வந்தால் முதலில் இந்த ஒரு வெட்டை மட்டும் சோதித்துப் பார்க்கிறேன்.

மாடக்குழி

சிவகாசி வீட்டை விற்ற மறுவருஷம் அப்பாவுக்கு எழுபத்தைந்து முடிந்தது. அந்த வீட்டையே அட்டையாகச் செய்தேன். என்னிடம் இருந்தது அக்காவின் கல்யாணத்தன்று வாசலில் எடுத்த ஒரே ஒரு போட்டோ. மூன்று படி, திண்ணை, இரண்டு மரத்தூண், மாடிக் கைப்பிடிச் சுவர். தூணை முதலில் 2 மில்லிமீட்டர் அகலம் வைத்தேன், மடிக்கும்போது கிழிந்தது. 4 ஆக்கியபோது நின்றது. மெஷின் சில நிமிஷத்தில் வெட்டிவிட்டது. மடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஊசி நுனியால் ஒவ்வொரு மடிப்பையும் பின்னாலிருந்து தள்ளி, எல்லாம் ஒரே சமயத்தில் அசையத் தொடங்கும்வரை பொறுமையாக விட்டுவிட்டு அழுத்த வேண்டும். ஒன்றை மட்டும் முழுசாக மடித்தால் பக்கத்துச் சுவர் கிழிந்துவிடும்.

அப்பா அட்டையைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திண்ணைச் சுவரில் விரலை வைத்தார்.

"மாடக்குழி எங்க?"

கார்த்திகைக்கு அம்மா விளக்கு வைக்கிற மாடக்குழி. போட்டோவில் அந்த இடத்தை அக்காவின் மாலை மறைத்திருந்தது. நானும் மறந்திருந்தேன். அன்று ராத்திரியே கணினியில் கோப்பைத் திறந்து, அவர் காட்டிய இடத்தில் 6 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வளைவு வரைந்தேன். "தூணுக்கு ரொம்பப் பக்கத்துல போகாத, தாங்காது" என்று பின்னால் நின்று சொன்னார். இரண்டு மில்லிமீட்டர் தள்ளி வைத்து, முழு வீட்டையும் புதிதாக வெட்டினேன். இந்த முறை மடித்தது அவர். தடித்த, தழும்பேறிய விரல்கள். ஒரு மடிப்பும் கிழியவில்லை.

அந்த அட்டை இப்போது அவர் கட்டிலருகே ஜன்னல் விளிம்பில் திறந்தபடி நிற்கிறது. சாயங்காலம் தெருவிளக்கு எரிந்ததும் மாடக்குழி வழியாக ஒரு துளி மஞ்சள் வெளிச்சம் திண்ணையில் விழும். அதைப் பார்த்த பிறகுதான் அவர் சாப்பிட எழுந்து வருகிறார்.